சலீம் பாயின் வேலையை யார் செய்தார்கள்

1

தர்ஷினி, போன வாரம் நீ பஸ்ஸில் இருந்துகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நடுவில் கண்டக்டர் செவிலிமேடு, செவிலிமேடு என்று கத்துவதுகூடக் கேட்டது. காலேஜில் ஒரு புராஜெக்ட், ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என்னென்ன சிக்கல் வருகிறது என்று ஒரு மேனேஜரிடம் கேட்டு எழுத வேண்டும் என்றாய். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய் பார், அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க ஹாஸ்பிடல்ல யார்கிட்டயாவது கேட்டு அஞ்சு பாயின்ட் வாங்கி அனுப்புப்பா. நீ இல்லப்பா, மேனேஜ்மென்ட்ல இருக்கிற ஆளா பாத்துக் கேளு."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது உன்மேல் வந்த கோபம் இல்லை. பத்தாவதோடு நின்றுபோனவன், மஸ்கட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன், தலைமையைப் பற்றி என்ன பாயின்ட் சொல்லிவிடப் போகிறான்? நீ சொன்ன மாதிரியே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார், மறுநாளே அனுப்பியும் வைத்தார். ஆள் பற்றாக்குறை, செலவு, தரம், ஊழியர்கள் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளாதது, கீழே இருந்து மேலே தகவல் சரியாக வராதது. ஐந்தும் ஆங்கிலத்தில் அழகாக இருந்தன. உனக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

அந்தக் கடைசிப் பாயின்ட்டைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தகவல் வரவில்லையாம். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் புராஜெக்டுக்கு இது ஆகாது. நீயும் பிரவீனும் படித்தால் போதும்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போன லீவில் பிரவீன் தன் சிநேகிதனிடம் என்னைக் காட்டி, அப்பா ஹாஸ்பிடல் லைன்ல இருக்கார் என்று சொன்னபோதுதான் உங்களுக்கு அது ஒரு மூட்டமாகத்தான் தெரிகிறது என்று புரிந்தது. பையனைக் குறை சொல்லவில்லை. நானும் போனில் வேலை நல்லா போவுது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறவன்தானே.

வார்டில் இருந்து ஸ்கேனுக்கு, ஸ்கேனில் இருந்து தியேட்டருக்கு, டயாலிசிஸில் இருந்து வாசலில் நிற்கும் காருக்கு என்று நோயாளிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நான். போர்ட்டர் என்பார்கள். இடுப்பில் ஒரு சின்ன போன் இருக்கும். அது அடித்தால் போக வேண்டும். எங்கள் ஷிப்டில் இருப்பவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள்தான். ஒருத்தர் வந்து சேர்ந்து, பிறகு அடுத்தவரை இழுத்துவிட்டு, ஆரணி, சித்தூர், காஞ்சிபுரம் என்று ஒரு வேன் நிறைய ஆகிவிட்டோம்.

என்னை இழுத்துவந்தவர் சலீம் பாய். டவுனில் ஒலிமுகமது பேட்டைக்காரர். அவருடைய அப்பா அங்கே தகரப் பெட்டி செய்து விற்றவர். சலீம் பாய் பதினோரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வருகிறவர்கள் ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. வாரம் முழுக்க ஒன்றுவிட்டு ஒரு நாள், வருஷக்கணக்காக வருகிறவர்கள். மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணி முடித்ததும் அவர்களுக்குத் தலை சுற்றும். மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும். பாய் அவசரப்படுத்தவே மாட்டார். இந்த ஊர்க் கிழவர் ஒருவர் இருக்கிறார், லிப்டில் இருந்து வெளியே வரும்போதே "வேன் சலீம்" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். அரபியில் சலீம் எங்கே என்று அர்த்தம். வேறு யார் கை நீட்டினாலும் பிடிக்க மாட்டார்.

3

சில மாதங்களுக்கு முன்பு பாயின் அம்மா இறந்துபோன செய்தி வேலை நேரத்தில் வந்தது. அன்றைக்கே லீவு கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. மய்யத்தை எடுப்பதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கம்மா போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தாளே, அதுதான்.

இப்போது நான் சொல்லப் போவது நம் பழைய ஊர் முசரவாக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் இருவரும் செவிலிமேட்டு வீட்டில் வளர்ந்தவர்கள், தெரிய வாய்ப்பில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டுக்காரனின் தண்ணீர் முறை வரும்போது பக்கத்து நிலத்துக்காரன் மடையைத் திருப்பிவிடுவான். மாடு இருந்தால் கறந்து ஊற்றுவான். காரியமெல்லாம் முடிந்து அவன் நிலத்துப் பக்கம் வரும்போது பயிர் நனைந்து நிற்கும். யார் பாய்ச்சியது என்று அவன் கேட்க மாட்டான். பாய்ச்சியவனும் சொல்ல மாட்டான். சொன்னால், சாவு வீட்டில் போய்க் கணக்குக் காட்டியவன் என்று பேர் வந்துவிடும். உங்க தாத்தா செத்தபோது நம் நிலத்துக்குத் தண்ணீர் விட்டது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மஸ்கட்டிலும் அப்படியேதான் செய்தோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. டயாலிசிஸில் இருந்து அழைப்பு வந்தால் பக்கத்தில் இருக்கிறவன் ஓடினான். சித்தூர் சீனு சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு நின்றான். நான் ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றிய பிறகும் இரண்டு பேரை இறக்கிவிட்டு, ரூமுக்குப் போகும் வேனுக்கு ஓடிய நாட்கள் உண்டு. அங்கே ஓடுகிற நேரத்தில் வார்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள். அந்த அம்மாவிடமோ ஐயாவிடமோ கையெடுத்துக் கும்பிட்டு, இதோ வந்துவிட்டேன் என்போம்.

4

எங்களுக்கு தினமும் காலையில் வராண்டாவில் ஒரு கூட்டம் நடக்கும். நின்றுகொண்டேதான். ஹடில் என்று பேர். அதை நடத்துகிறவர்தான் புதிதாக வந்த ஆபரேஷன்ஸ் மேனேஜர், உனக்கு ஐந்து பாயின்ட் கொடுத்தவர். நம் நாட்டுக்காரர், சின்ன வயது, நன்றாகப் படித்தவர். பாய் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் காலையில் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். டயாலிசிஸ் பக்கம் ஒரு ஆள் குறைவு இல்லையா, ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, ஒரு குறையும் இல்லை சார் என்று முன்னும் பின்னுமாக எல்லோரும் சொன்னோம். நான், சீனு, ஆரணிக்காரர்கள், எல்லோரும்தான். வேறு என்ன சொல்வது? சிரமமாக இருக்கிறது என்று சொன்னால் தாயைப் பறிகொடுத்தவன்மேல் புகார் சொன்ன மாதிரி. அந்த வார்த்தை எங்கள் வாயில் வராது. மேனேஜர் தலையாட்டிவிட்டு எதையோ போனில் தட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர், விசாரிக்கிறார் என்று அன்றைக்கு நாங்கள் வேனில் பேசிக்கொண்டு வந்தோம்.

5

அடுத்த மாதம் பாய் எனக்குப் போன் பண்ணினார். பின்னால் வீட்டில் யாரோ துக்கம் கேட்க வந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏழுமலை, ஆபீஸ்ல இருந்து பேசினாங்கப்பா. என் போஸ்டே இல்லியாம். திரும்பி வர வேணாமாம், சேர வேண்டியத பேங்குல போட்டுடறாங்களாம்."

 அவரே தொடர்ந்தார்.

"நான் இல்லாமலே வேலை நல்லா நடக்குதுன்னு நீங்கல்லாம் மீட்டிங்குல சொன்னீங்களாமே. இன்னாப்பா சொன்னீங்க? அம்மாவுக்கு நாப்பதாம் நாள் பாத்திஹாகூட இன்னும் ஓதல."

அவர் குரலில் குத்தல் இல்லை, அதுதான் தாங்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.  அவர், வேற இன்னா சொல்வீங்க, நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

6

மறுநாள் நானும் சீனுவும் மேனேஜர் அறைக்குப் போனோம். உள்ளே விட்டார், உட்காரவும் சொன்னார். சலீமை ஏன் சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"யார் சலீம்?" என்றார்.

பிள்ளைகளே, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒருவனுடைய சோற்றில் கை வைத்திருக்கிறார், அவன் பேர் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தேடினார். ஒரு நம்பர் வந்தது. ஆமாம், அந்த போர்ட்டர் போஸ்ட் என்றார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அழைப்பு வந்ததில் இருந்து ஆள் போய்ச் சேருகிற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அது வாரவாரமாகக் காட்டுமாம். பாய் ஊருக்குப் போன பிறகும் டயாலிசிஸ் வரிசை முழுக்கப் பச்சையாகத்தான் இருந்தது.

"நீங்களே பாருங்கள். நானும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஒருவர்கூடக் கை தூக்கவில்லையே?" என்று இந்தியில் கேட்டார்.

சீனு தின்னாமல் ஓடியது அந்தத் திரையில் பச்சையாக விழுந்திருக்கிறது. நாங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகச் செய்தோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு பாய் தேவையில்லாத ஆள் ஆகிவிட்டார். அதை அவரிடம் சொல்ல முயன்றேன். என் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறிப்போனது. அவருக்குப் புரிந்தது, புரியாமல் இல்லை. மேலே இருக்கிற முதலாளிகள் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகவும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். வெளியே வந்து எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டோம். அவரும் எனக்கு மேலே ஆள் இருக்கிறது என்றார்.

பிரவீன், பாலத்துப் பக்கம் பைக்கில் விழுந்து உனக்குக் கால் உடைந்தபோது, நம் ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஸ்ட்ரெச்சர் இருந்தது, தள்ள ஆள் இல்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. நானும் உன் மாமாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். கேட்பாரில்லாத இடம் என்று அன்றைக்குத் திட்டினேன். இங்கே கேட்பதற்கு ஆள் அடுக்கடுக்காக இருக்கிறார்கள். அறை, ஏசி, கழுத்தில் அட்டை, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மேலே இன்னொருவர் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மேனேஜர் அறையில் இருந்து டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு லிப்ட் தூரம். பாய் போன பிறகு ஒரே ஒரு நாள் வந்து அங்கே நின்றிருந்தால், எங்கள் வாயில் இருந்து ஒரு வார்த்தைகூட வராமலே எல்லாம் தெரிந்திருக்கும். எங்கள் சட்டையில் வியர்வை ஈரத்தைப் பார்த்தாலே தெரியும். தகவல் வரவில்லை என்கிறவர் ஏன் அது நடந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்? அவருக்குக் கால் இல்லையா?

7

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமில் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பாயை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் பேச்சு. சீனுவுக்குத்தான் கோபம் அதிகம்.

"ஒரு நாள் விட்டுப் பாப்போம்ணா. டயாலிசிஸ்ல இருந்து போன் அடிக்கட்டும், யாரும் போவாதீங்க. ரெண்டு பேரு மயங்கி விழட்டும், தானா ஆள் போடுவானுங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை. அந்தத் திரை சிவப்பாக மாறினால்தான் அவர்கள் கண்ணுக்குப் படும்.

"விழறது அந்தக் கெழவரா இருக்கும் சீனு. மேனேஜர் விழ மாட்டாரு" என்றேன்.

 அவன் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டான். திரும்பி வந்ததும், அப்ப இன்னாதான் பண்றது என்று கேட்டான். வேலையை விடாமல் செய்வோம், ஆனால் காலைக் கூட்டத்தில் வாயைத் திறந்து சொல்வோம் என்றேன். யார் வேலையை யார் செய்தார்கள் என்று, பேர் சொல்லி, தினமும்.

 ஆரணிக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனுதான் மெதுவாகச் சொன்னான். "அது ஒரு மாதிரியா இருக்குமேண்ணா. பாய்க்குத் தெரிஞ்சா இன்னா நினைப்பாரு?"

ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மேனேஜர் வழக்கம்போல ஏதாவது குறை உண்டா என்று கேட்டதும் நான் ஒரு அடி முன்னால் போய்ச் சொன்னேன். வியாழக்கிழமை சலீம் பாய் வேலையை நான் செய்தேன், அந்த நேரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு அம்மா ஸ்கேனுக்குப் போக முடியாமல் காத்துக்கொண்டு கிடந்தார் என்று. காது இரண்டும் சுட்டது. சாவு வீட்டு வாசலில் பில்லை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி இருந்தது. எனக்கு அடுத்து சீனு சொன்னான். அப்புறம் ஆரணிக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுநாளும் சொன்னோம். அதற்கு மறுநாளும். பாயின்ட்டைக் குறித்துக்கொண்டேன், தினமும் சொல்ல வேண்டாம் என்றார் மேனேஜர். சரி சார் என்றோம், அடுத்த நாளும் சொன்னோம். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு நாள் டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு நர்ஸ், கோட்டயத்துக்காரர், லிசம்மா சிஸ்டர், பின்வரிசையில் இருந்து பேசினார். மிஷின் முடிந்தவர்களை இறக்க ஆள் வருகிற வரைக்கும் அடுத்த ஆள் வெளியே நாற்காலியில் கிடக்கிறார் என்றார். பிறகு சொன்னார், "அந்தக் கிழவர் ஒவ்வொரு தடவையும் சலீம் எங்கே என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்கள் வந்து சொல்கிறீர்களா?"

நாங்கள் கத்தியிருந்தால் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சிஸ்டரை அனுப்ப முடியாது. நர்ஸ் கிடைப்பது கஷ்டம். இதையும் நீ தெரிந்துகொள் தர்ஷினி, யார் சொன்னால் கேட்கிறார்கள், யார் சொன்னால் குறித்துக்கொள்கிறார்கள் என்று.

8

ஆள் போட ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வேலையாக இல்லை. ஒரு ஏஜென்சி வழியாக எடுப்பார்களாம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், சம்பளம் குறைவு. பழைய பதினோரு வருஷம் எங்கேயும் சேராது. அந்த ஏஜென்சியில் போய் சலீம் பாய் பேரைக் கொடுக்க மட்டும் மேனேஜர் அனுமதித்தார். அதையும் ஏதோ பெரிய உதவி செய்கிறவர் முகத்தோடுதான் சொன்னார்.

இதைப் பாயிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, அதே இடத்தில் தரையில் உட்காரச் சொல்கிறார்கள், நான் அதற்குத் தூது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "வரேம்பா. சின்னவன் காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்குது. இந்த வயசுல ரோஷத்த எங்க போய் விக்கறது?"

போன வாரம் வந்து சேர்ந்தார். நாங்கள் எல்லோரும் போடுவது நீலச் சட்டை. அவருக்கு ஏஜென்சியின் சாம்பல் நிறச் சட்டை. காலைக் கூட்டத்தில் மேனேஜர் அவரைத் தோளில் கை வைத்து முன்னால் அழைத்தார். நம் குடும்பத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், எல்லோரும் கை தட்டுங்கள், அவரும் ஒரு வார்த்தை பேசட்டும் என்றார்.

பாய் தன் நல்ல உருதுவில் பேசினார். "என் பேர் சலீம். என் அம்மா தவறிப்போய் ஊருக்குப் போயிருந்தேன். அந்த நாட்களில் என் வேலையைச் செய்தவர்கள் இவர்கள்." அப்புறம் ஒவ்வொருவர் பக்கமும் திரும்பி, ஒவ்வொரு பேராகச் சொன்னார். ஏழுமலை. சீனு. ஆரணிக்காரர்கள் இருவர். யாரையும் விடவில்லை. எங்கள் பக்கம் இதை யாரும் இப்படி வெளியே சொன்னது கிடையாது. சீனு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தான்.

டீம் ஸ்பிரிட் என்றால் இதுதான் என்று மேனேஜர் சந்தோஷப்பட்டு, எங்களைச் சேர்த்து நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். அதை அன்றைக்கே ஆஸ்பத்திரியின் பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பிரவீன், நீகூட அதற்கு லைக் போட்டு, அப்பா சூப்பர் என்று எழுதியிருந்தாய். திரும்பவும் அதைத் திறந்து பாருங்கள், இரண்டு பேரும். கடைசி ஓரத்தில் சாம்பல் சட்டையில் ஒருவர் நிற்கிறார். புதிய ஊழியரை வரவேற்கிறோம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அவர்தான் சலீம் பாய். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்.